கொல்லர் மகன் கண்ட சாய்தளம்

பூமிக்குள் என்ன இருக்கிறதென்பதை முழுமையாக நேரிற் கண்டவர் எவருமில்லை. கிணறு வெட்டுவோன் கிணற்றின் அகலத்தளவு காண்கிறான். சுரங்கத் தொழிலாளி தன் விளக்கொளி எட்டுமட்டும் காண்கிறான். ஆழ்துளை இடுவோனோ, சில அங்குல அகலமுள்ள துவாரத்தின் வழியே மேலே வந்த கல்லை மாத்திரமே காண்கிறான். அவ்வாறிருந்தும், இன்று நிலவியல் அறிஞர் கணினியின் முன் அமர்ந்து, பல மைல் விரிந்து கிடக்கும் ஒரு பாறையடுக்கின் மேல்முகத்தை நொடிப்பொழுதில் வரைந்து காட்டுகின்றனர். முதற்படியாக அவர்கள் வரைவது மேடுபள்ளம் ஏதுமற்ற ஒரு தளமாகும். அது அசையாத நீர்ப்பரப்பைப்போல் மட்டமாயிருக்கலாம். அல்லது சாய்த்து வைத்த பலகையைப்போல் ஒரு பக்கம் தாழ்ந்திருக்கலாம். முன்னதைச் சமதளம் என்றும் பின்னதைச் சாய்தளம் என்றும் வழங்குவோம்.

இத்தளத்தை வரைவதற்குக் கணினிக்கு வேண்டியவை மூன்றே செய்திகள். ஏதேனும் ஓரிடத்தில் அவ்வடுக்கு கடல் மட்டத்துக்கு எத்தனை அடி மேலோ கீழோ இருக்கிறது. எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது. எத்திசை நோக்கிச் சாய்ந்திருக்கிறது. சாய்வு பூஜ்யமென்று பதிந்தால் சமதளம் கிடைக்கும். 5 பாகை என்று பதிந்தால் அத்திசையில் 5 பாகை இறங்கும் சாய்தளம் கிடைக்கும். இவ்வளவே. பார்ப்பவர்க்கு இது நேற்று வந்த வித்தைபோல் தோன்றும். ஆனால் இதன் பின்னே 300 ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அவ்வரலாற்றில் கல்விமான்களும் இருக்கிறார்கள், பிரபுக்களும் இருக்கிறார்கள், பள்ளிப்படிப்பு அதிகமில்லாத ஒரு கொல்லர் மகனும் இருக்கிறான். கடைசியிற் கூறிய இவனைப்பற்றியே நாம் சற்று விரிவாகப் பேசவேண்டும்.

முதலில் கல்விமானைப் பார்ப்போம். 1669ஆம் ஆண்டில் இத்தாலியிலுள்ள பிளாரன்ஸ் நகரில், நிக்கோலஸ் ஸ்டீனோ என்னும் டென்மார்க் தேசத்தார் லத்தீன் மொழியில் ஒரு சிறு நூலை வெளியிட்டார். அவர் உடற்கூற்று ஆராய்ச்சியிற் புகழ்பெற்றவர். ஒரு பெருஞ்சுறாவின் தலையை அறுத்துப் பார்க்கப்போய், பாறைக்குள் கிடைக்கும் பல் வடிவக் கற்களெல்லாம் பழஞ்சுறாக்களின் பற்களே என்று கண்டுகொண்டவர். பல் எப்படிப் பாறைக்குள் வந்தது என்று கேட்கத் தொடங்கிய அவர், பாறை எப்படி வந்தது என்ற கேள்விக்கு வந்து சேர்ந்தார். கலங்கிய நீரிலிருந்து வண்டல் படியும்போது மட்டமாகவே படியும் என்பது அவர் கண்ட முடிபுகளுள் ஒன்று. இது சிறுபிள்ளைக்கும் தெரிந்ததுதானே என்பீர்கள். தெரிந்ததுதான். ஆனால் அதிலிருந்து பிறக்கும் அடுத்த வாக்கியமே பெரிது: ஓரடுக்கு இன்று சாய்ந்திருக்கக் கண்டால், அது படிந்த பிற்பாடு ஏதோ ஒன்று அதனைச் சாய்த்திருக்கிறது. அதாவது, சாய்வு என்பது பூமிக்கு நேர்ந்த ஒரு சம்பவத்தின் தடயம். 

அடுத்தவர் பிரபு. இங்கிலாந்தில் சாமர்செட் மாநிலத்தில் நிலக்கரி எடுக்கும் பகுதியில் ஜான் ஸ்ட்ரேச்சி என்னும் நிலக்கிழார் இருந்தார். 1719ஆம் ஆண்டில் அவர் லண்டன் ராயல் சங்கத்தின் வெளியீட்டில், தம் பக்கத்து நிலக்கரி அடுக்குகளைக் குறுக்கே வெட்டிப் பார்த்தாற்போல் ஒரு படம் வரைந்து கட்டுரை எழுதினார். நிலக்கரி அடுக்குகள் ஒன்றன்கீழொன்றாகச் சாய்ந்து இறங்குவதையும், அவற்றின் தலைமேல் வேறு அடுக்குகள் ஏறக்குறைய மட்டமாய்ப் படுத்திருப்பதையும் அப்படம் காட்டிற்று. கண்ணாற் கண்டதை வரைந்த அந்த அளவில் அது மிக நல்ல படம். ஆனால் 1725ஆம் ஆண்டில் அவர் மீண்டும் எழுதியபோது, கண்டதோடு நிற்கவில்லை. சாய்ந்த கோட்டை நீட்டினார், மேலும் நீட்டினார், பூமியின் மையம் வரைக்குமே கொண்டுபோய்ச் சேர்த்தார். பூமி சுழல்வதனால் அடுக்குகளெல்லாம் மையத்தைச் சுற்றிச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கின்றன என்றார். சுரங்கத்தில் சில நூறு அடி பார்த்த சாய்வு, உலகமுழுவதற்கும் விதியாகிவிட்டது! ஸ்ட்ரேச்சியைப் பார்த்து நகைப்பது எளிது. ஆனால் ஒரு சாய்தளத்தைக் கையில் வைத்திருப்பவர் எவருக்கும் அதனை நீட்டிப் பார்க்கும் ஆசை வந்தே தீரும். கணினி இவ்வாசையை அடக்குவதில்லை. படத்தின் எல்லை எதுவோ அதுவரைக்கும் தயங்காமல் நீட்டிக் கொடுத்துவிடும்.

இனிக் கொல்லர் மகனுக்கு வருவோம். வில்லியம் ஸ்மித் 1769ஆம் ஆண்டு மார்ச்சு 23ஆம் நாள் ஆக்ஸ்போர்டு மாநிலத்தில் சர்ச்சில் என்னும் கிராமத்திற் பிறந்தார். எட்டு வயதில் தந்தையை இழந்தார். கிராமப் பள்ளிக்கூடத்தோடு படிப்பு முடிந்தது. நில அளவையை எட்வர்டு வெப் என்பவரிடம் உதவியாளராயிருந்து கற்றுக்கொண்டார். 1791ஆம் ஆண்டில் வேலைநிமித்தம் சாமர்செட் வந்தார். அதாவது ஸ்ட்ரேச்சி படம் வரைந்த அதே மாநிலம். அங்கே ஹை லிட்டில்டன் என்ற ஊரில் மெர்ன்ஸ் சுரங்கத்துக்குள் அளவைக்காக இறங்கினார்.

சுரங்கத் தொழிலாளருக்கு அடுக்குகளின் வரிசை மனப்பாடமாயிருந்தது. இந்தக் கல்லுக்குக் கீழே இன்ன கல், அதன்கீழ் இன்ன நிலக்கரி என்று விளக்கொளியிற் காட்டினார்கள். நிலக்கரி அடுக்குகள் செங்குத்தாகச் சாய்ந்திருந்தன. அவற்றின் மேலே சிவந்த மண்ணடுக்கு ஏறக்குறைய மட்டமாயிருந்தது. செம்மண்ணுக்கு மேலேயும் இவ்வாறு ஓர் ஒழுங்கு உண்டா என்று ஸ்மித் கேட்டார். செம்மண்ணுக்குமேல் ஒழுங்கு ஒன்றுமில்லை என்பதே அவர்கள் விடை. அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. அவர்கள் கூலி செம்மண்ணுக்குக் கீழே இருந்தது. மேலே இருந்ததைப் பார்க்க அவர்களுக்கு ஓய்வேது? ஆனால் ஸ்மித் அவ்விடையோடு நின்றுவிடவில்லை.

நல்வாய்ப்பு ஒன்று வந்தது. நிலக்கரியை வெளியே கொண்டுபோக ஒரு கால்வாய் வெட்டத் தீர்மானித்து, 1793ஆம் ஆண்டில் மட்டம் பிடிக்கும் வேலையை ஸ்மித்திடம் ஒப்படைத்தார்கள். கால்வாய் இரண்டு பள்ளத்தாக்குகள் வழியே ஏறக்குறைய இணையாகச் செல்லும் இரு கிளைகளாக அமைந்தது. இதனை மேலே செல்லுமுன் சற்றே நினைத்துப் பாருங்கள். கால்வாயின் நீர்மட்டம் ஒரு சமதளம். ரசமட்டம் வைத்து மைல்கணக்கில் இழுத்த மட்டக்கோட்டுக்குமுன் எந்தச் சாய்வும் மறைந்திருக்க இயலாது. கிழக்கு நோக்கிப் போகப்போக ஒவ்வோர் அடுக்கும் மெல்லத் தாழ்ந்து நீர்மட்டத்துக்குள் மறைந்தது. அதன்மேல் அடுக்கு அடுத்து வந்து தாழ்ந்தது. ஒரு பள்ளத்தாக்கில் கண்ட வரிசையே மறு பள்ளத்தாக்கிலும் இருந்தது. சரித்து அடுக்கிய ரொட்டித் துண்டுகளைப்போல் என்று ஸ்மித் பிற்பாடு உவமை கூறினார். ஆகவே செம்மண்ணுக்கு மேலும் ஒழுங்கு இருந்தது. அங்கே சாய்வு மிகச் சிறிதாகையால், ஒரு சுரங்கத்து வாயில் நின்று பார்ப்பவருக்கு அது மட்டம்போலவே தோன்றும். ஒரு மைல் நடந்தாற்றான் தெரியும்.

ஆக, ஒரே நிலத்தின் கீழே இரண்டு சாய்வுகள் இருந்தன. நிலக்கரி அடுக்குகள் முதலில் மட்டமாய்ப் படிந்து, பின் செங்குத்தாய்ச் சாய்க்கப்பட்டு, தலை தேய்ந்தன. தேய்ந்த அத்தலைகளின்மேல் செம்மண்ணும் அதற்கு மேற்பட்டனவும் புதிதாய்ப் படிந்து, பின் சிறிதளவே சாய்ந்தன. ஸ்டீனோவின் சொற்படி பார்த்தால், இவை வெவ்வேறு காலத்தில் நேர்ந்த இரு சம்பவங்கள். இன்று கணினியில் இந்நிலத்தை அமைப்பவர் இரு தளங்களைத் தனித்தனியே அமைத்து, கீழ்த்தளத்தை மேற்றளத்தின் அடியில் வெட்டி நிறுத்த வேண்டும். இரண்டின் அளவுகளையும் ஒன்றாய்க் கொட்டினாலும் கணினி மறுக்காது. இரண்டுமல்லாத ஒரு சாய்வைச் சராசரியாகக் கணக்கிட்டுக் கொடுக்கும். தோட்டத்துக் கிராணிக்கு இது புதிதன்று. செக்ரோல் கூட்டல் ஒரு காசு பிசகாமலிருக்கும். வேலைக்கு வராத ஆளுக்குப் பெயர் விழுந்திருந்தால் கூட்டல் என்ன செய்யும்?

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. இப்பள்ளத்தாக்கிற் கண்ட களிமண்ணும், இருபது மைல் அப்பால் கண்ட களிமண்ணும் ஒரே அடுக்கைச் சேர்ந்தவையென்று எவ்வாறு அறிவது? களிமண்ணெல்லாம் பார்வைக்குக் களிமண்ணே. ஒரே அடுக்கைச் சேராத இடங்களை இணைத்துத் தளம் வரைந்தால், அது பூமியில் எங்குமில்லாத தளமாகும். இக்கேள்விக்கு ஸ்மித் கண்ட விடையே அவருடைய தலையாய கண்டுபிடிப்பு. ஒவ்வோர் அடுக்கிலும் கல்லாய்ச் சமைந்து கிடக்கும் கிளிஞ்சல் முதலியவை அவ்வடுக்குக்கே உரியவை என்பதை அவர் 1796ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் எழுதி வைத்தார். 1799ஆம் ஆண்டில் பாத் நகரில் நண்பர் இருவர் முன்னிலையில், நிலக்கரி முதல் சீமைச்சுண்ணாம்பு வரை அடுக்குகளை வரிசையாய்ச் சொல்லி எழுதுவித்தார். அதே ஆண்டில் கால்வாய்க் கம்பெனி அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டது.

இவ்வறிவு இல்லாதவர் பட்ட நஷ்டம் சிறிதன்று. சசெக்ஸ் கடற்கரையிலுள்ள பெக்ஸ்ஹில் என்னுமிடத்தில், கறுத்த மண்ணைக் கண்டு நிலக்கரி அருகிலிருக்கிறதென்று நம்பி, 1805ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் குழி தோண்டிப் பெரும்பொருளை இழந்தார்கள். கறுப்பாயிருப்பதெல்லாம் நிலக்கரிக்குத் துணையன்று. வரிசையில் அவ்வடுக்கு எங்கே இருக்கிறதென்பதே கேள்வி.

1815ஆம் ஆண்டில் ஸ்மித்தின் படம் வெளிவந்தது. இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதும், ஸ்காட்லாந்தில் ஒரு பகுதியும் அதில் அடங்கும். 5 மைலுக்கு 1 அங்குலம் என்ற அளவு, 15 தாள்கள், சேர்த்து மாட்டினால் ஏறத்தாழ 8 அடி உயரமும் 6 அடி அகலமும் ஆகும். அதில் கையால் வண்ணமிட்ட முறை தனிச்சிறப்புடையது. ஒவ்வோர் அடுக்கும் அதன் அடிப்பக்க ஓரத்தில் அடர்ந்த நிறமாகவும், மேற்பக்கம் போகப்போக மங்கலாகவும் தீட்டப்பட்டது. பார்க்கும் கண்ணுக்கு ஒவ்வோர் அடுக்கும் அடுத்த அடுக்கின்கீழ் நுழைவதுபோல் தோன்றும். தட்டையான காகிதத்தில் சாய்தளத்தைக் காட்ட அவர் கண்ட உபாயம் அது. இன்று கணினித் திரையில் ஒளியும் நிழலும் இட்டுக் காட்டுவதை, அவர் ஒரு தூரிகையினால் காட்டினார்.

இவ்வளவு செய்தவருக்குக் கிடைத்த பரிசு யாது? 1807ஆம் ஆண்டில் லண்டனில் நிலவியற் சங்கம் தோன்றியபோது, அதில் கனவான்கள் சேர்ந்தார்கள், ஸ்மித் சேர்க்கப்படவில்லை. 1819ஆம் ஆண்டில் கடனுக்காகச் சிறை சென்றார். 1820ஆம் ஆண்டில் அச்சங்கத்தின் சார்பில், அதன் முதல் தலைவராயிருந்த கிரீனோ என்னும் செல்வர் தயாரித்த மற்றொரு படம் போட்டியாக வந்தது. பின்னர் மனம் திரும்பிய சங்கம் 1831ஆம் ஆண்டில் உல்லாஸ்டன் பதக்கத்தை முதன்முதலாக ஸ்மித்துக்கே அளித்தது. ஆங்கில நிலவியலின் தந்தை என்று செட்ஜ்விக் அவரைப் போற்றினார். ஸ்மித் 1839ஆம் ஆண்டில் காலமானார். கிரீனோவின் படத்தை 1865ஆம் ஆண்டில் மறுபதிப்பிட்டபோது, ஸ்மித்தின் 1815ஆம் ஆண்டுப் படத்தை அடிப்படையாகக் கொண்டது என்ற வாசகத்தைத் தலைப்பிலேயே பொறித்தார்கள். அப்பொழுது இருவருமே உயிரோடில்லை.

நிற்க. சாய்வின் திசையை அறிவது பணக்கணக்கு மாத்திரமன்று. ஸ்மித்தின் படம் வெளிவந்த அதே 1815ஆம் ஆண்டில், மே 3ஆம் நாள், நியூகாசில் நகருக்கருகிலுள்ள ஹீட்டன் சுரங்கத்தில் ஒரு விபத்து நிகழ்ந்தது. முற்காலத்தில் தோண்டிக் கைவிட்ட பழஞ்சுரங்கத்தில் தேங்கியிருந்த நீர் உடைத்துக்கொண்டு புகுந்தது. சாய்ந்த அடுக்கில் நீர் தாழ்ந்த பக்கத்தைத்தான் முதலில் நிரப்பும். மேலேறி வரும் வழியோ அத்தாழ்ந்த பக்கத்தில் இருந்தது. மேட்டுப்பக்கம் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் உள்ளே அகப்பட்டுக்கொண்டார்கள். ஆடவரும் சிறுவருமாக 75 பேர் மாண்டனர். நீரை இறைத்து அவர்கள் உடல்களை எடுக்க மறு ஆண்டாயிற்று. பழஞ்சுரங்கம் எங்கே, எவ்வளவு உயரத்தில் இருந்ததென்று திட்டமாய்க் காட்டும் படம் இருந்திருந்தால் என்ற பேச்சு அதன்பின் வலுத்தது. சுரங்கங்களுக்குப் படம் வைத்திருக்கவேண்டுமென்று 1850ஆம் ஆண்டுச் சட்டம் வற்புறுத்திற்று. கைவிடும் சுரங்கங்களின் படத்தை அரசாங்கத்தினிடம் ஒப்படைக்க வேண்டுமென்று 1872ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. பத்து ஆராங்கில் 1915 முதல் 1960 வரை நடந்த நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கி வேலை செய்தவருள் நம்மவரும் உண்டு. ஆகவே இது நமக்கு அயலார் கதையுமன்று.

தளத்தை எவ்வாறு கணிப்பது என்பதை இப்பொழுது பார்ப்போம். ஒரே நேர்வரிசையில் அமையாத மூன்று இடங்கள் தெரிந்தால் ஒரு தளம் நிச்சயமாகிவிடும். முக்காலி ஆடுவதில்லை, நான்கு கால் மேசைதான் ஆடும். ஓரிடத்தில் துளையிட்டோம், அடுக்கின் தலை கடல் மட்டத்துக்கு 100 அடி மேலே கிடைத்தது. அங்கிருந்து 1000 அடி கிழக்கே துளையிட்டோம். 50 அடியில் கிடைத்தது. முதலிடத்துக்கு 1000 அடி வடக்கே துளையிட்டோம். 75 அடியில் கிடைத்தது. ஆகவே 1000 அடிக்குக் கிழக்கே 50 அடியும் வடக்கே 25 அடியும் இறங்குகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், கிழக்குக்கும் வடகிழக்குக்கும் இடைப்பட்ட திசையில், 3 பாகைக்குச் சற்று மிகுதியாய்ச் சாய்ந்த ஒரு தளம் கிடைக்கிறது. இத்தளத்தின்மேல் சமமட்டக் கோடுகள் வரைந்தால், அவை நேர்கோடுகளாய், இணையாய், சம இடைவெளியாய் விழும். நம் செம்பனைத் தோட்டத்துச் சரிவுகளில் மட்டம் பிடித்து வெட்டிய படிகள் வளைந்து வளைந்து போகின்றனவே, அது மலை ஒரு தளமல்ல என்பதனால். கணினி தந்த கோடுகள் அளவுகோல் வைத்தாற்போல் நேராயிருந்தால், அங்கே மனிதர் கருதிய தளமேயன்றி வேறொன்றுமில்லை என்று கண்டுகொள்ளலாம்.

மூன்று துளைகள் தளத்தைத் தந்தன. அதைச் சோதிப்பது நான்காவது துளை. கிழக்கே 1000 அடியும் வடக்கே 1000 அடியும் சென்று துளையிட்டால், கணக்கின்படி 25 அடியிற் கிடைக்கவேண்டும். 25இல் கிடைத்தால் நன்று. கடல் மட்டத்துக்கு 35 அடி கீழே கிடைத்தால்? 60 அடி குறைகிறது. அடுக்கு இடையில் வளைந்திருக்கலாம். அல்லது பாறை பிளந்து ஒரு பக்கம் கீழிறங்கியிருக்கலாம். அல்லது நாம் கண்டது வேறோர் அடுக்காயிருக்கலாம். எதுவாயினும், அந்த 60 அடியே இப்பொழுது நமக்குக் கிடைத்த புதுச் செய்தி. தளம் என்று ஒன்றைத் துணிந்து முன்வைக்காமலிருந்தால் அது நமக்குத் தெரிந்திருக்கவே மாட்டாது.

துளைகள் நூறாகும்போது ஒரே தளம் அத்தனையையும் தொடுதல் இயலாது. வேறுபாடுகளின் வர்க்கங்களைக் கூட்டி, அக்கூட்டுத்தொகை எத்தளத்துக்கு மிகக் குறைவோ அதனைக் கொள்ளும் முறையை, பிரெஞ்சுக் கணிதர் லெஜாந்தர் வால்வெள்ளிகளின் பாதையை ஆராய்ந்த நூலில் 1805ஆம் ஆண்டில் வெளியிட்டார். வானத்துக்கென்று பிறந்த முறை, பூமிக்குள் இறங்க நெடுங்காலம் பிடித்தது. கையாற் கணக்கிடுவது அத்தனை பாடு. அமெரிக்காவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்து வில்லியம் கிரம்பைன், கணினி வந்த பின்னர், 1950களின் இறுதியில் இம்முறையை நிலவியற் படங்களுக்கு எடுத்தாண்டார். அடுத்த பத்தாண்டில் கான்சாஸ் மாநில நிலவியல் ஆய்வகத்தார் இத்தகைய கணினி நிரல்களை வெளியிட்டுப் பரப்பினார்கள். 1980களில் அவை மேசைக் கணினிக்கு வந்துவிட்டன.

இதிலே அழகானது கழித்தல். எண்ணெய் தேடுவோர் வேண்டுவது அடுக்கிலே கவிழ்த்த தட்டுப்போல் எழுந்திருக்கும் சிறு மேடு. எண்ணெய் அதன்கீழ்த்தான் சிக்கி நிற்கும். ஆனால் நாடு முழுதும் ஒரு பக்கமாய்ச் சாய்ந்திருக்கும்போது, அச்சரிவிலே சிறு மேடு கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே முதலில் சாய்தளத்தை அமைத்து, உண்மை அளவுகளிலிருந்து அதனைக் கழித்துவிடுகிறார்கள். மிச்சமாக நிற்பது மேடும் பள்ளமும் பிளவும். உண்மைக்குப் பொருந்தாத தளத்தை ஏன் வரையவேண்டும் என்று கேட்பவருக்கு இதுவே விடை. அது எங்கே பொருந்தவில்லை என்று பார்ப்பதற்காகத்தான் வரைகிறார்கள்.

இன்னும் ஒன்று கூறவேண்டும். கணினியிலமைத்த சாய்தளம் ஒரு பக்கம் ஆழத்துக்கு இறங்கும். மறுபக்கம் ஏறிக்கொண்டே போய்த் தரையைத் துளைத்து ஆகாயத்துக்கும் போய்விடும். ஆகையால் நிலமுகத்தின் உயரங்களையும் கணினியிற் பதிந்து, தரைக்கு மேற்பட்ட பகுதியை வெட்டிவிடுவது வழக்கம். அவ்வாறு வெட்டும்போது சாய்தளமும் நிலமும் சந்திக்கும் கோட்டைக் கணினி தானே வரைந்து தரும். அந்த அடுக்கு தரைக்கு வெளியே தலைகாட்டவேண்டிய கோடு அது. சாமர்செட் தொடங்கி ஸ்மித் வண்டியிலும் கால்நடையாயும் ஆயிரக்கணக்கான மைல் திரிந்து தேடியது அக்கோட்டைத்தான். கணினியின் கோடு சரியோ என்று பார்க்க, இன்றும் ஒருவர் சுத்தியலும் திசைகாட்டியும் எடுத்துக்கொண்டு அங்கே நடந்துதான் போகிறார்.